வெர்சாய் அரண்மனைச் சீமாட்டிகள்: தானமும் தினசரி வாழ்க்கையும் – அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாரிஸ் பக்கத்துல பிரெஞ்சு ராஜாக்கள் இருந்த வெர்சாய் அரண்மனைன்னு சொன்னாலே நம்மாளுங்க வாயில வர்றது ஒரே டயலாக்தான், ரொட்டி இல்லேன்னா கேக் சாப்பிடட்டும்னு ராணி மேரி அன்ட்டோனெட் சொன்னாளாமே. அதை விட்டுட்டு அந்தப் பொம்பளைங்க காலைல எழுந்து என்ன பண்ணாங்க, யாருக்குக் குடுத்தாங்க, ஏன் குடுத்தாங்கன்னு கேக்குறவங்க கம்மி. கேட்டவங்களுக்குத் தனித்தனியா சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன். 1600கள்ல ஆரம்பிச்சு பிரெஞ்சுப் புரட்சி வெடிச்ச 1789 வரைக்கும்தான் பெரும்பாலும், கடைசில கொஞ்சம் அதுக்கு அப்புறமும்.

யாரைத்தான் அரண்மனைச் சீமாட்டிகள்னு சொல்றீங்க?

ராணி, ராஜாவோட பொண்ணுங்க, தங்கச்சிங்க, மருமகள்கள். அப்புறம் டியூக் பொண்டாட்டிங்க, ராணிக்கு சேவை செய்ய நியமிச்ச பெரிய வீட்டுப் பொம்பளைங்க. ராஜாவோட ஆசைநாயகிகளையும் சேக்கணும், அவங்கள விட்டுட்டுப் பேசினா பாதிக் கதை போயிடும். வீட்டு வேலைக்காரிங்க இந்த லிஸ்ட்ல வரமாட்டாங்க, ஆனா அவங்க இல்லாம இந்த வாழ்க்கை ஒரு நாள் கூட ஓடியிருக்காது.

ராணியோட ஒரு நாள் எப்படி இருக்கும்? சும்மா படுத்துக் கிடப்பாங்களா?

சும்மா படுத்துக் கிடக்கக் கூட விடமாட்டாங்க, அதான் பிரச்சனையே. எழுந்திரிக்கிறதே ஒரு சடங்கு. யார் உள்ள வரலாம், எந்த வரிசைல வரலாம், யார் எந்தத் துணிய எடுத்துக் குடுக்கலாம் எல்லாத்துக்கும் ரூல். கதவைத் தட்டக் கூடாது, நகத்தால லேசா சுரண்டணும்.

16ஆம் லூயியோட ராணி மேரி அன்ட்டோனெட்டோட பணிப்பெண் மதாம் காம்பான் தன் நினைவுக் குறிப்புல ஒரு குளிர்காலக் காலைய எழுதியிருக்காங்க. ராணி துணி இல்லாம நிக்குறாங்க, உள்ளாடைய காம்பான் எடுத்து நீட்டப் போறப்ப தலைமைச் சீமாட்டி உள்ள வர்றா, வந்ததும் அந்த உரிமை அவளோடது, கையுறைய கழட்டிட்டு வாங்கிக்கிறா. உடனே கதவுல சுரண்டுற சத்தம், ஆர்லியான் டியூக் மனைவி வர்றாங்க, இவங்க அவளவிட உசத்தி, ஆனா நேரா கை மாத்தக் கூடாது, அதனால துணி மறுபடி காம்பான் கைக்கு வந்து அங்கிருந்து அவங்க கைக்குப் போகுது. மறுபடி சுரண்டல். இப்ப ராணியோட ஓரகத்தி, புரோவான்ஸ் பிரபு மனைவி, அவங்க இன்னும் உசத்தி. இவ்ளோ நேரமும் ராணி கைய மாருக்குக் குறுக்கா கட்டிக்கிட்டு குளிர்ல நடுங்கிட்டு நிக்குறாங்க, எரிச்சல மறைக்க சிரிச்சுக்கிட்டே.

அதுக்கப்புறம் சர்ச்சுல பூசை, தினமும். அப்புறம் சாப்பாடு, அதையும் ஜனங்க நின்னு வேடிக்கை பாக்கலாம். வெர்சாய்க்குள்ள சாதாரண ஆளுங்களும் போகலாம், ஆம்பளைங்க தொப்பி வெச்சு வாள் கட்டியிருக்கணும், இல்லாதவன் கேட்ல வாடகைக்கு எடுத்துக்கலாம். பிச்சைக்காரங்களுக்கு மட்டும் அனுமதி கிடையாது, இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ தானம் பத்திப் பேசுறப்ப தேவைப்படும். சாயங்காலம் சீட்டாட்டம், சூதாட்டம். 15ஆம் லூயியோட ராணி மரி லெஷ்சின்ஸ்கா ரொம்ப பக்தி, ஆனா கவான்யோல்னு ஒரு பந்தய ஆட்டத்துல உக்காந்துட்டா எழுந்திரிக்க மாட்டாங்களாம்.

ஸ்டூலுக்கு சண்டை போட்டாங்கன்னு சொல்றது நெசமா?

நெசம். ராணி முன்னாடி உக்கார உரிமை எல்லாருக்கும் கிடையாது. டியூக் மனைவிகளுக்கு ஒரு மடக்கு ஸ்டூல் கிடைக்கும், முதுகு சாயவும் முடியாது கை வைக்கவும் முடியாது, அதுக்காகப் பரம்பரை பரம்பரையா அடிச்சுக்கிட்டாங்க. மத்தவங்க நின்னுட்டே இருக்கணும், மணிக்கணக்கா.

தானத்துக்குன்னு தனி ஏற்பாடு இருந்துச்சா, இல்ல தோணினப்ப குடுத்தாங்களா?

ரெண்டும். ராஜா சார்பா தானம் குடுக்க ஒரு பெரிய பதவியே இருந்துச்சு, ஒரு பிஷப்போ கர்தினாலோ அதுல இருப்பார். ராணிக்கும் தனியா அதே மாதிரி ஒரு பாதிரியார். இது தவிர அவங்கவங்க கைச்செலவுப் பணத்துலேர்ந்து குடுக்குறது.

ஊரறிஞ்ச சடங்குன்னா அது பெரிய வியாழன்தான், ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை. அன்னைக்கு ராஜா 13 ஏழைப் பையன்களோட காலையும், ராணி 13 ஏழைப் பொண்ணுங்களோட காலையும் கழுவணும், யேசு சீடர்களுக்குச் செஞ்சதோட நினைவா. கழுவி முத்தம் குடுத்து, சாப்பாட்டுத் தட்டுங்கள இளவரசிகளும் சீமாட்டிகளும் கைமாத்திக் கைமாத்தி கொண்டுவந்து பரிமாறி, துணியும் காசும் குடுத்து அனுப்புவாங்க. பசங்கள முன்னாடியே டாக்டர் பாத்து, கால நல்லா கழுவி, புதுத்துணி போட்டுத்தான் கூட்டிட்டு வருவாங்க. தட்டு யார் எந்த வரிசைல தூக்கிட்டு வரணும்ங்கிறதுக்கும் ரூல் உண்டு, சொல்லவே வேணாம். எனக்கு இதப் படிக்கிறப்ப அந்தப் பொண்ணுங்க ஞாபகம்தான் வரும், காலைல அழுக்குச் சந்துலேர்ந்து கிளம்பி, ராணி கையால கால் கழுவிக்கிட்டு, சாயங்காலம் மறுபடி அதே சந்துக்குப் போயிருப்பாங்க.

தர்மத்துக்கு காசு வசூல் பண்றதுலயும் சண்டையாமே?

1703 கடைசில நடந்தது, எனக்குப் பிடிச்ச கதை. திருநாள் பூசைல ஒரு சீமாட்டி பை ஏந்தி ஏழைகளுக்காக காசு வாங்கிட்டு வரணும், யார் ஏந்தணும்னு மேலேர்ந்து சொல்லுவாங்க. லொரேன் வம்சத்து இளவரசிங்க நைசா கழண்டுக்க ஆரம்பிச்சாங்க, நாங்க வெளிநாட்டு ராஜ வம்சம், இந்த வேலை எங்களுக்கு இல்லங்கிற மாதிரி. இதப் பாத்த சான்-சிமோன் டியூக்குக்கு, அரசவைக் கூத்தை எல்லாம் பின்னாடி பக்கம் பக்கமா எழுதிவெச்ச அதே ஆளு, ரத்தம் கொதிச்சுது. அவங்க ஏந்தலேன்னா நம்ம டியூக் வீட்டுப் பொம்பளைங்களும் ஏந்தக்கூடாதுன்னு ஏத்திவிட்டார். பை ஏந்த ஆளில்லாமப் போக விஷயம் 14ஆம் லூயி காதுக்குப் போயி அவர் செம கடுப்பாகி, கடைசில லொரேன் வம்சத்து அர்மான்யாக் பிரபு தன் பொண்ணையே 1704 புத்தாண்டு அன்னைக்கு பை ஏந்த வெச்சு சமாளிச்சார். சான்-சிமோன் நேரா ராஜாகிட்டயே போயி விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு. இவ்ளோ ரகளைலயும் பைல எவ்ளோ விழுந்துச்சு, அது எந்த ஏழைக்குப் போச்சுன்னு ஒருத்தரும் கவலப்பட்ட மாதிரி தெரியல.

அப்ப எல்லாமே வெறும் ஷோ தானா?

அப்படி ஒரேயடியா தள்ளிட முடியாது. 1634 வாக்குல பாரிஸ்ல வின்சென்ட் தே பவுல்ங்கிற பாதிரியார் பெரிய வீட்டுப் பொம்பளைங்கள ஒண்ணா சேத்து ஒத்தேல்-தியூ ஆஸ்பத்திரி நோயாளிங்களப் பாத்துக்க வெச்சார். (நம்ம ஊர் சர்ச் பங்குகள்ல இருக்குற வின்சென்ட் தே பவுல் சபை இவர் பேர்ல 1833ல பாரிஸ்ல ஆரம்பிச்ச வேற அமைப்பு, குழப்பிக்காதீங்க.) அப்ப பிரான்ஸோட முதல் மந்திரியா இருந்த ரிஷெலியூ கர்தினாலோட அக்கா பொண்ணு எகியோன் சீமாட்டி இதுல பெரிய கை, கனடால கியூபெக் ஆஸ்பத்திரி 1639ல வந்ததுக்கே அவங்க பணம்தான் காரணம். 14ஆம் லூயியோட அம்மா ஆன் ராணி தன் நகையவே கழட்டிக் குடுத்ததா சொல்லுவாங்க.

ஆனா ஒரு சிக்கல் வந்துச்சு. பணம் குடுக்க ரெடி, சூப் பானைய தூக்கிட்டு சந்து சந்தா போக பெரிய வீட்டம்மாக்களுக்குக் கூச்சம், புருஷன்மாரும் விடல, அதனால வேலைக்காரிங்கள அனுப்ப ஆரம்பிச்சாங்க, அந்தப் பொண்ணுங்களுக்கு இதுல என்ன ஈடுபாடு இருக்கும். அப்பதான் வின்சென்ட்டும் லூயிஸ் தே மரியாக்கும் கிராமத்துப் பொண்ணுங்களச் சேத்து 1633ல ஆரம்பிச்சிருந்த கூட்டம் கைகுடுத்துச்சு, அதுதான் பிறரன்புப் புதல்வியர் சபை. வேர்வை கிராமத்துப் பொண்ணுங்களோடது, காசு சீமாட்டிங்களோடது. தெருவுல போட்டுட்டுப் போன குழந்தைங்கள 1638லேர்ந்து வளக்க ஆரம்பிச்சதும் இதே கூட்டணிதான்.

மாந்த்னோன் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் பத்தி சொல்லுங்க.

இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்லணும். மதாம் தே மாந்த்னோன் 1635ல பொறந்தப்ப அவங்க அப்பா நியோர் ஊர் ஜெயில்ல. பேருக்கு நல்ல குலம், கைல ஒண்ணும் இல்ல. ஊனமுற்ற கவிஞர் ஸ்காரோனுக்கு வாழ்க்கைப்பட்டு, 1660ல விதவையாகி, ராஜாவோட ஆசைநாயகி மோந்தெஸ்பானுக்குப் பொறந்த குழந்தைங்கள வளக்குற வேலைக்கு வந்து, கடைசில 1683 வாக்குல அந்த ராஜாவையே ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சீரியல்ல வெச்சா நம்பமாட்டோம்.

தன்ன மாதிரியே பேர் மட்டும் இருந்து பணம் இல்லாத வீட்டுப் பொண்ணுங்களுக்காக 1686ல வெர்சாய் பக்கத்துல சான்-சிர்ல பள்ளிக்கூடம் வெச்சாங்க. 250 பொண்ணுங்க, ஏழு வயசுலேர்ந்து பன்னெண்டுக்குள்ள சேரணும், 20 வயசு வரைக்கும் எல்லாம் இலவசம். வகுப்புக்கு ஒரு ரிப்பன் கலர், சின்னதுங்களுக்கு சிவப்பு, அப்புறம் பச்சை, மஞ்சள், பெரியவங்களுக்கு நீலம். முடிச்சுட்டுப் போறப்ப 3,000 லீவ்ர் (அந்தக் காலத்து பிரெஞ்சுக் காசு) சீதனம். ஒரு சாதாரண கூலிக்காரன் பல வருஷம் வாய கட்டி வயித்த கட்டி சேத்தாலும் பாக்க முடியாத தொகை அது. அந்தப் பொண்ணுங்க நடிக்கணும்னே பெரிய நாடக ஆசிரியர் ராசீன் நாடகம் எழுதினார், 1689ல போட்ட எஸ்தர் பயங்கர ஹிட், ராஜாவே வாசல்ல நின்னு ஆள் எண்ணி உள்ள விட்டாராம். பொண்ணுங்களுக்குத் தலைல ஏறிடுச்சுன்னு பயந்து மாந்த்னோன் பிரேக் போட்டாங்க, 1692ல அது முழுசா கன்னிமாடமாவே மாறிடுச்சு. நெப்போலியனோட தங்கச்சி எலிசா கூட அங்க படிச்சவதான், 1792ல மூடப் போறாங்கன்னதும் அண்ணனே போயி கூட்டிட்டு வந்தார்.

ஒண்ணு கவனிங்க. அங்க சேர ஏழையா இருந்தா மட்டும் போதாது, அப்பா வழில நாலு தலைமுறை பிரபு வம்சம்னு பேப்பர் காட்டணும். குடியானவன் வீட்டுப் பொண்ணுக்கு எடமே கிடையாது. இது மாந்த்னோனோட தப்புன்னு மட்டும் சொல்ல முடியாது, அந்தக் காலத்துல நொடிச்சுப் போன பெரிய வீட்டுக்காரங்கள "கூச்சப்படுற ஏழைகள்"னே தனிப் பேர் வெச்சு, பிச்சை கேக்க வாய் வராதே பாவம்னு முதல்ல அவங்களுக்குத்தான் ரகசியமா குடுப்பாங்க. என்னக் கேட்டா அரண்மனைத் தானத்தப் புரிஞ்சுக்க இதுதான் சாவி, தன் சாதி சனம் கீழ விழுந்துடாம தாங்கிப் பிடிக்கிறதுதான் அவங்களுக்கு முதல் தர்மம், மத்த ஏழைங்க அதுக்கப்புறம்தான்.

ஆசைநாயகிகளும் தானம் பண்ணாங்களா?

பண்ணாங்க, பெரும்பாலும் ராஜா கைவிட்டதுக்கு அப்புறம். 14ஆம் லூயியோட ஆசைநாயகி லா வல்லியேர் 1674ல கார்மேல் கன்னியர் மடத்துக்கே போயிட்டாங்க, 1710ல அங்கேயே செத்தாங்க. மோந்தெஸ்பான் அரண்மனைய விட்டுப் போனப்புறம் ஏழைகளுக்கு முரட்டுத் துணில சட்டை தச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம், ஒய்ரோன்ல முதியவங்களுக்கு ஒரு ஆதரவு இல்லம் வெச்சாங்க. ஒரு காலத்துல தங்கச் சரிகைல மிதந்தவங்க.

இதுல ஒரு வேடிக்கை. மோந்தெஸ்பானுக்காக ராஜா வெர்சாய் பக்கத்துல கிளான்யின்னு ஒரு மாளிகை கட்டிக் குடுத்தார். பின்னாடி அது பாழாகி 1769ல இடிச்சாங்க, அந்த நிலத்துலதான் மரி லெஷ்சின்ஸ்கா ராணி ஆசைப்பட்ட பொண்ணுங்க பள்ளிக்கூட கன்னிமாடம் எழும்புச்சு, ராணி 1768லயே செத்துட்டாங்க, மகள்கள்தான் பாத்து முடிச்சாங்க. புருஷன் எத்தன பேரோட சுத்தினாலும் வாயத் தொறக்காம பத்துப் பிள்ளை பெத்த ராணியோட பள்ளிக்கூடம், ஆசைநாயகி மாளிகை இருந்த மண்ணுல! இன்னைக்கு அது ஓஷ் மேல்நிலைப் பள்ளி. அதைக் கட்டின ரிஷார் மீக்தான் அப்புறம் மேரி அன்ட்டோனெட்டோட விளையாட்டு கிராமத்தையும் கட்டினவர், 1794ல கில்லட்டின்ங்கிற தலை வெட்டுற மெஷின்ல போனார்.

மரி லெஷ்சின்ஸ்காவோட கடைசிப் பொண்ணு லூயிஸ் 1770ல அக்காமார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம சான்-தெனி கார்மேல் மடத்துல போய் சேந்துட்டா. ராஜா பொண்ணு, அங்க தரை கூட்டினா.

மேரி அன்ட்டோனெட் கேக் டயலாக் சொன்னாங்களா இல்லையா?

சொன்னதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. ரூசோ தன் சுயசரிதைல "ஒரு பெரிய இளவரசி" சொன்னதா எழுதினது அது, பேர் போடல, கேக் கூட இல்ல, பிரியோஷ்னு வெண்ணெய் போட்ட ஒரு பன். அவர் அந்தப் பகுதிய எழுதினப்ப மேரி வியன்னாவுல சின்னப் பொண்ணு, பிரான்ஸ் பக்கமே வரல.

செஞ்சதச் சொல்லணும்னா, 1770 மே 30, அவங்க கல்யாணத்துக்கு பாரிஸ்ல வாணவேடிக்கை விட்டப்ப நெரிசல்ல 132 பேர் செத்தாங்க, புதுசா கட்டின ஜோடி ரெண்டு பேரும் தங்களோட அந்த மாசக் கைச்செலவுப் பணத்த அப்படியே அனுப்பி வெச்சாங்க. அப்புறம் 1788ல பாரிஸ்ல தாய்மார் உதவிச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சது, மதாம் ஃபூஜெரேங்கிற அம்மா முயற்சில, ராணிதான் புரவலர். ஏழைத் தாய்ங்க குழந்தைய அநாதை இல்லத்துல போடாம தாங்களே வளக்க துணிமணியும் மாசாமாசம் காசும் குடுக்குறது. அவசியம் எவ்ளோன்னு புரியணும்னா, 1772ல மட்டும் பாரிஸ் அநாதை இல்லத்துக்கு வந்த குழந்தைங்க 7,600க்கு மேல. ஆனா முறையா கல்யாணம் ஆன தாய்க்கு மட்டும்தான், ஆகாதவளுக்கு இல்ல. பாருங்க, மறுபடி யாருக்கு உண்டு யாருக்கு இல்லங்கிற கோடு.

அதே சமயம் 1785ல ராணியோட துணிமணிச் செலவு 2,58,000 லீவ்ர். ஒதுக்கினதே 1,20,000தான். பாரிஸ்ல கூலியாளுக்கு ஒரு நாளைக்கு சுமாரா ஒரு லீவ்ர், லீவே போடாம உழைச்சாலும் அந்தத் தொகைய சம்பாதிக்க 700 வருஷம். காலைல ஒவ்வொரு டிரஸ்ஸோட துணி சாம்பிளும் ஒட்டின புத்தகம் கொண்டு வருவாங்க, ராணி அன்னைக்கு வேணுங்கிற டிரஸ்ல ஒரு குண்டூசி குத்துவாங்க, அவ்ளோதான் வேலை. நல்ல மனசு இருந்துச்சு, கணக்கு தெரியல, இதான் என் அபிப்பிராயம்.

நெசமாவே மனசாரக் குடுத்தவங்கன்னு யாரைச் சொல்வீங்க?

16ஆம் லூயியோட தங்கச்சி எலிசபெத். கல்யாணமே பண்ணிக்கல. 1783ல அண்ணன் வெர்சாய் பக்கத்துல மோந்த்ரெய்ல ஒரு தோட்ட வீடு குடுத்தார், ஆனா 25 வயசு ஆகுற வரைக்கும் ராத்திரி அங்க தங்கக் கூடாது, தினமும் அரண்மனைக்குத் திரும்பணும்னு கண்டிஷன். அங்க மாடு வளத்து, பால அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைங்களுக்கும் நோயாளிங்களுக்கும் குடுத்தாங்க. மாடு பாக்க சுவிட்சர்லாந்துலேர்ந்து ஜாக்னு ஒருத்தன வரவழைச்சாங்க, அவன் ஊர்ல விட்டுட்டு வந்த பொண்ணை நினைச்சு ஏங்குறான்னு தெரிஞ்சதும் அவளையும் வரவழைச்சுக் கட்டிவெச்சாங்க. தோழி ஒருத்திக்கு சீதனம் இல்லாம கல்யாணம் தடைபட்டப்ப, தனக்கு வருஷா வருஷம் ராஜா குடுக்குற புத்தாண்டுப் பணம் 30,000 லீவ்ர அஞ்சு வருஷத்துக்கு முன்கூட்டியே வாங்கி அவளுக்குக் குடுத்துட்டாங்க. தோழியும் பெரிய வீட்டுப் பொண்ணுதான், சரி. 25 வயசு ஆனது 1789 மே மாசம். அக்டோபர் 6ஆம் தேதி புரட்சிக் கூட்டம் மொத்தக் குடும்பத்தையும் பாரிஸ்க்கு கொண்டு போயிடுச்சு, 1794 மே 10ல அவங்களுக்கும் கில்லட்டின்.

பழைய துணி, மிச்சச் சாப்பாடு எல்லாம் ஏழைங்களுக்குப் போச்சா?

இல்லைங்க. ராணி கழிச்ச டிரஸ் எல்லாம் துணிமணிப் பொறுப்புல இருந்த சீமாட்டிக்கும் மூத்த பணிப்பெண்களுக்கும், அது அவங்க உரிமை. பாதி எரிஞ்ச மெழுகுவத்தி கூட பணிப்பெண்களோட வருமானம், வித்துக் காசாக்குவாங்க. ராஜா வீட்டுச் சாப்பாட்டு மிச்சம் அரண்மனைக்கு வெளிய கொட்டகைல விலைக்குப் போகும், வெர்சாய் ஊர்க்காரங்க வாங்கிச் சாப்பிடுவாங்க. ஓசில யாருக்கும் இல்ல.

நம்ம பக்கத்துக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

துணி வழியா உண்டு. நம்ம சோழமண்டலக் கரைலேர்ந்து போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு அங்க அவ்ளோ மோகம், உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளிங்க பொழப்பு போகுதுன்னு 1686ல தடையே போட்டாங்க, 1759 வரைக்கும் இருந்துச்சு. பாண்டிச்சேரிய கைல வெச்சுக்கிட்டே தடை! சட்டம் ஊருக்குத்தான், 15ஆம் லூயியோட ஆசைநாயகி பாம்படூர் தன் பெல்வ்யூ மாளிகைல அந்தத் தடை பண்ண துணியத்தான் போட்டு அலங்கரிச்சிருந்தாங்க.

1789க்கு அப்புறம் எல்லாம் முடிஞ்சுடுச்சா?

ராணிங்க போனாங்க, பழக்கம் போகல. மதாம் காம்பான் தலை தப்பிச்சு, பொழப்புக்குப் பள்ளிக்கூடம் வெச்சு, அப்புறம் நெப்போலியன் எக்குவான்ல ஆரம்பிச்ச பெண்கள் பள்ளிக்குத் தலைவியானாங்க. தாய்மார் உதவிச் சங்கத்த நெப்போலியன் 1810ல தூசு தட்டி எடுத்து தன் மனைவி மரி-லூயிஸ் கைல குடுத்தார்.

கடைசியா ஒண்ணு. பெரிய வீட்டுப் பொம்பளைங்க கடை போட்டு ஏழைங்களுக்காக பொருள் விக்கிற தர்மச் சந்தை பாரிஸ்ல அப்ப வருஷா வருஷம் நடந்துட்டு இருந்துச்சு. 1897 மே 4, சினிமா காட்டுற மெஷினோட ஈதர் விளக்குலேர்ந்து தீப்பிடிச்சு, மரக் கொட்டகை சில நிமிஷத்துல எரிஞ்சு போயி 120க்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் பெண்கள். அதுல ஒருத்தர் அலான்சோன் டியூக் மனைவி, கடைசி ராஜா லூயி-பிலிப்போட பேரன் பொண்டாட்டி, ஆஸ்திரிய மகாராணி சிசியோட கூடப் பொறந்த தங்கச்சி. தன்னோட கடைல வேலை பாத்த பொண்ணுங்க முதல்ல போகட்டும்னு நின்னுட்டாங்க. உடம்ப அடையாளம் சொன்னது அவங்களோட பல் டாக்டர்.